மஞ்சள் மிட்டாயின் பழைய லேபிள்

எலுமிச்சை மிட்டாய் என்றால் மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளையாகச் செய்து கொடுத்தால், வாய் எவ்வளவு புளித்தாலும் யாரும் அதை எலுமிச்சை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் கம்பெனியின் ஜெல்லி மிட்டாயில் முன்பு மஞ்சள் கிழங்கிலிருந்து எடுத்த நிறத்தைக் கலந்தார்கள். கடை வெயிலில் அது வெளுத்துப்போனதால் முதலாளி செயற்கை நிறத்துக்கு மாறினார். அவர் மேல் பழி இல்லை. புது லேபிளில் அந்த நிறத்தின் பெயர், எண் எல்லாம் சட்டப்படி போட்டிருந்தார்.

"பழைய லேபிள் ரோலை எல்லாம் வெட்டிப் போட்டுடுப்பா. ஒண்ணு தப்பிப் போனாலும் நான்தான் உள்ளே போகணும்" என்று லேபிள் ஒட்டும் என்னிடம் சொன்னார். வெட்டினேன். ஒரு ரோலை மட்டும் வைத்துக்கொண்டேன்.

பிள்ளை எப்படி இறந்தது என்றுதானே கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன்.

நான் இருந்தது அண்ணன் வீட்டில். அண்ணன் மகளுக்கு மூச்சிழுப்பு உண்டு. செயற்கை மஞ்சள் நிறம் அவளுக்குச் சேராது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக அண்ணி சொல்வார். நான் கொண்டுபோகிற எதையும் பின்பக்கம் திருப்பிப் படித்த பிறகுதான் பிள்ளை கையில் கொடுப்பார்.

"நான் என்ன விஷமா வாங்கிட்டு வரேன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒட்டுறவருக்கே அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியலை, நான்தானே படிக்கணும்? காலேஜைப் பாதியில விடாம இருந்திருந்தா உங்களுக்கும் புரிஞ்சிருக்கும், தம்பி."

அண்ணன் சிரித்தான். என்ன ஏது என்று தெரியாமலே பிள்ளையும் சிரித்தாள்.

எனக்குக் கோபம் இல்லை. அண்ணி சொல்வது நிஜமா, பெரிய மனுஷித்தனமா என்று தெரிந்துகொள்ள விரும்பினேன்.

லேபிள் மெஷினில் ரோல் நேராக உட்காரும் வரை சில பாக்கெட்டுகள் வீணாகும். கோணலாக ஒட்டியதை விற்க மாட்டார்கள். நாங்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். ஒரு காலையில் அந்தச் சில பாக்கெட்டுகளுக்கு மட்டும் பழைய ரோலை மாட்டினேன். பிறகு புதியதை மாட்டினேன். கடைக்குப் போன லேபிள் ஒவ்வொன்றும் சரியானது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணி படித்தார். "இயற்கை நிறம் மட்டும்னு போட்டிருக்கு. பரவாயில்லையே, உருப்படியா ஒண்ணு கொண்டுவந்திருக்கீங்க."

அன்று பிள்ளைக்கு உடம்பு தடித்துச் சிவந்தது. ஒரு தடவையை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. கொசுக்கடியாகக்கூட இருக்கலாம். சில நாள் விட்டு இன்னொரு பாக்கெட்டைக் கொண்டுபோனேன். இம்முறை மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நான் தேடிய விடை கிடைத்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். அண்ணி பாக்கெட்டை நீட்டினார். டாக்டர் லேபிளைப் படித்துவிட்டு, "இது இல்லம்மா. வீட்ல பூனை இருக்கா? புதுசா ஏதாவது சோப்பு?" என்றார். தலையணை உறையை எந்தப் பவுடரில் துவைத்தோம் என்று அண்ணி அழுதுகொண்டே யோசித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சொன்னால் வேலை போகும், வீடும் போகும். அதுகூடப் பெரிதில்லை. அண்ணி சொன்னதுதான் சரி என்று என் வாயால் சொல்ல வேண்டும்.

அந்த மூச்சுச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. காதில் கோளாறு என்று நினைத்து டாக்டரிடம் காட்டினேன். காது நன்றாக இருக்கிறதாம்.

மறுநாள் பிள்ளை தேறி உட்கார்ந்தாள். என் சட்டைப்பையை இழுத்து, "சித்தப்பா, மிட்டாய்" என்றாள்.

"குடுங்க தம்பி. டாக்டரே இது இல்லைன்னுட்டார். பாவம், நேத்துலேர்ந்து வாயில ஒண்ணும் வைக்கலை" என்றார் அண்ணி.

எடுத்துக் கொடுத்தது நான்தான். பாதியைக் கடித்துக்கொண்டு மீதியை என் வாயில் திணித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் உதடு நீலம் பாய்ந்தது. நர்ஸ் ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்ன குடுத்தீங்க? சொல்லுங்க, என்ன குடுத்தீங்க?"

நான் சொல்லியிருப்பேன். வாயில் மிட்டாய் இருந்தது.