ஜெனரேட்டர் இல்லாத வீடு

சூலே பகோடா நிறுத்தத்தில் போட்டாதாங் பஸ்ஸுக்காக நின்றேன். எனக்கு முன்னால் கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஓர் இளைஞனும், கீபோர்டுப் பையோடு ஒரு பெண்ணும். அவள்தான் ஆரம்பித்தாள்.

"நம்ம டெக்னோ மியூசிக்கைக் கேட்டுட்டு மேல்வீட்டு அம்மா டோ மியா போன் சார்ஜரோட வந்துட்டாங்க அண்ணே."

"சார்ஜர் எதுக்கு?"

"தெரு முழுக்க கரண்ட் இல்ல. நான் கீபோர்டைப் பெரிய பேட்டரியில மாட்டி வாசிச்சிட்டிருந்தேன். நம்ம வீட்டுல ஜெனரேட்டர் ஓடுதுன்னு நெனச்சுட்டாங்க."

அவன் முகம் வாடிவிட்டது. "ஜெனரேட்டர் மாதிரியா இருக்கு? அப்போ விட்டுருவோம் மா செல்வி."

"ஏன் விடணும்? நீங்க கும்பிடுற அந்த ஜெர்மன் டெக்னோக்காரங்க ரெண்டு பேரும் என்ன பண்றாங்க? பாட்டும் இல்ல, வார்த்தையும் இல்ல. ஒரே தாளத்தைப் புடிச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா மாத்துறாங்க. அவங்களையும் மொதல்ல மிஷின் சத்தம்னுதான் சொல்லியிருப்பாங்க. அவங்க விட்டாங்களா? இத்தனை வருஷமா அதைத்தானே வாசிக்கிறாங்க."

"அவங்க ஊர்ல கரண்ட் போகாது."

"நம்ம ஊர்ல போகும். பேட்டரி இருக்குற வரைக்கும் வாசிப்போம்."

பஸ் வந்தது. படியில் கால் வைத்தவன் திரும்பிக் கேட்டான். "டோ மியாவை என்ன சொல்லி அனுப்புன?"

"எங்க அனுப்புனேன்? நம்ம பேட்டரியிலயே அவங்க போனைச் சொருகிட்டு வாசிச்சேன். பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. போன் முழுசா ஏறுன பிறகும் எந்திரிக்கல."