விரலையும் சேர்த்து முடிந்த முடிச்சு

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், எவரிடமும் காட்டிவிடாதீர்கள். நாளை சந்தைக் கூட்டத்தில் நான் பேசப்போகும் பேச்சு இது. தலைவர் என் அப்பா. நான் எதிர்க்கப்போகும் தீர்மானமும் அவருடையதே. பேசுவதற்கு அனுமதிக் கயிறு வேண்டும்; அதில் பெரியவர் ஒருவர் என்னோடு சேர்ந்து முடிச்சுப் போட வேண்டும். என் பாதியை முடிந்து, மறுமுனையை அம்மாவுக்காகக் கதவுக்கடியில் வெளியே விட்டிருக்கிறேன். இன்னும் அசையவில்லை.

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! தராசு பிடித்துக் கை தழும்பேறிய பெரியவர்களே! கூடையை இறக்கிவைத்து வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

பல நாட்டார் கூடும் சந்தை இது. ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. ஆனாலும் வியாபாரம் நடக்கிறதே, எதனால்? கயிற்றெழுத்தால்! உப்புக்கு உருண்டை முடிச்சு. துணிக்குத் தட்டை முடிச்சு. "நாளைக்கு வா" என்பதற்குத் தொளதொள முடிச்சு. (சிரிக்காதீர்கள் எண்ணெய்க்கடை மாமா, உங்கள் வாசலில் அதுதானே தொங்குகிறது!) கடைசி முடிச்சை மட்டும் ஒருவரே போட முடியாது. விற்பவர் ஒரு கை, வாங்குபவர் ஒரு கை.

இனி வியாபாரிகள் சங்கத்து ஆண்கள் மட்டுமே முடிச்சுப் போடலாம் என்கிறது தீர்மானம். ஒரு கதை சொல்லட்டுமா?

உப்பு வியாபாரி ஒருவருக்கும் கம்பளிக்காரி ஒருத்திக்கும் சண்டை. "ஏம்மா, இது கம்பளியா, கொசுவலையா?" என்று அவர் கத்தினார். அவளும் தன் மொழியில் விளாசினாள். ஒரு சொல்லாவது புரிந்ததா? இல்லை! கயிற்றில் திட்டலாமா? வசவுக்கு முடிச்சே இல்லை! கடைசி முடிச்சுக்கு ஆளுக்கொரு கை நீட்டினார்கள். கோபத்தில் அவர் தன் விரலையும் சேர்த்து முடிந்துவிட்டார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அவிழ்த்து முடிப்பதற்குள் பொழுதே சாய்ந்துவிட்டது!

யார் அந்த உப்பு வியாபாரி? தலைவர் ஏன் தலை குனிகிறார்? (கை தட்டாதீர்கள், அப்பாவுக்குக் கோபம் வரும்!)

தலைவர் அவர்களே, அன்று அம்மாவின் கையைத் தடுத்திருந்தால், இன்று உங்களை எதிர்த்துப் பேச நான் பிறந்திருப்பேனா? ஒரு கை முடிந்தால் அது வெறும் கயிறு! இரு கை முடிந்தால்தான் எழுத்து! அந்த இரண்டாவது கையை வெட்டாதீர்கள்! பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி. முடிச்சிடும் கைகளுக்கெல்லாம் வண

கதவைத் தட்டுகிறார்கள். கயிறு இழுபடுகிறது. அப்பா குரல்.

"கண்ணு, கதவைத் திற. மறுபடியும் விரலையும் சேத்து முடிஞ்சிட்டேன். உங்கம்மா சிரிக்கிறா."