பழைய கரண்ட் பில்

தனகோடி: மூணு தபா அணைச்சு போட்டுட்டேன் ராதி. அதே கதைதான். பச்சைக் கோடு பாதியில நிக்குது.

ராதிகா: இருண்ணா, வெளிய வரேன். உள்ள ஒரே சத்தம்... ம், இப்ப சொல்லு. என்ன பச்சைக் கோடு?

தனகோடி: பென் டிரைவுக்கு ஒரு டிசைன் காப்பி பண்றேன். அப்போ ஓடுமே, அந்தக் கோடு. முக்கா மணி நேரமா அசைய மாட்டேங்குது.

ராதிகா: நீயா காப்பி பண்ற? கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டியே!

தனகோடி: டிசைன் போடற தங்கச்சி வெள்ளிக்கிழமையே பொட்டிய கட்டிகினு போளூர் போயிட்டா. அதுக்காக தறி சும்மா நிக்குமா?

ராதிகா: சரி, எந்த டிசைன்?

தனகோடி: அது... சேவூர் பார்ட்டிது.

ராதிகா: அந்த மாம்பழக் கலர் புடவையா? அதுக்கு எல்லாம் போன மாசமே தறி மேல கீற டிசைன் பொட்டியில ஏத்திக் குடுத்துட்டேனே.

தனகோடி: முந்திய மாத்திக் கேட்டாங்க. நீ கேள்வி கேட்டுகினே இருந்தா வேலை எப்ப நடக்கும்? நேத்துதான் இத மொத்தமா சுத்தம் பண்ணேன். அப்பவும் இப்படி இழுக்குது.

ராதிகா: சுத்தமா? அண்ணா... என்ன பண்ண?

தனகோடி: பயப்படாத. வேணாத சாஃப்ட்வேர் எல்லாத்தையும் எடுத்துட்டேன். தொறந்தாலே "உங்க கம்ப்யூட்டருக்கு ஆபத்து"ன்னு செவப்பா ஒண்ணு வந்து கத்துமே...

ராதிகா: ஸ்பீடு டாக்டர்.

தனகோடி: அதான். அப்புறம் கூப்பன் தரேன்னு ஒண்ணு, சீட்டாட்டம் ஒண்ணு, ஜோசியம் ஒண்ணு. நாலும் காலி.

ராதிகா: ஜோசியத்த யாரு போட்டது?

தனகோடி: நான்தான். உன் பேரும் நட்சத்திரமும் குடுத்து பார்த்தேன். தை மாசம் கல்யாணம்னு சொல்லிச்சு. சொன்ன வேலை முடிஞ்சுது, எடுத்துட்டேன்.

ராதிகா: போண்ணா... டிசைன் சாஃப்ட்வேர்ல கை வைக்கலியே?

தனகோடி: எனக்கு இன்னா பைத்தியமா? சோறு போடறதே அதுதான்.

ராதிகா: எடுத்தேன்னு சொல்றியே, எப்படி எடுத்த? செட்டிங்ஸ்ல போய் அன்இன்ஸ்டால் குடுத்தியா?

தனகோடி: மூணுத்துக்கு குடுத்தேன். டாக்டருக்கு குடுத்தப்போ ஒரு பொம்மை வந்துச்சு. "நெஜமாவே எங்கள விட்டுட்டு போறீங்களா"ன்னு கண்ணுல தண்ணி விட்டுகினு நிக்குது. ஒரு மாதிரி ஆயிடுச்சு. வேணாம்னு வெளிய வந்து, ஸ்க்ரீன் மேல கீற அந்தப் படத்த மட்டும் இழுத்து குப்பைத் தொட்டியில போட்டேன்.

ராதிகா: அய்யோ! அது ஐகானுண்ணா. வாசல்ல மாட்டின போர்டு மாதிரி. போர்டை கழட்டிட்டா உள்ள கீறவன் வீட்ட காலி பண்ணிடுவானா?

தனகோடி: அப்போ டாக்டர் இன்னும் உள்ளயே கீறாரா?

ராதிகா: உக்காந்துகினு ஒவ்வொரு ஃபைலா தொறந்து பார்த்துகினு இருப்பாரு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப்... மூணையும் சேர்த்து அமுக்கு. டிஸ்க்னு ஒரு வரிசை வரும். எவ்ளோ காட்டுது?

தனகோடி: நூறு. செவப்பா.

ராதிகா: அதான் பேஜார். இப்போ செட்டிங்ஸ் போ... ஆப்ஸ்... டாக்டர் பேரு அந்த லிஸ்ட்ல கீதா? அன்இன்ஸ்டால் குடு. பொம்மை அழுதா அழட்டும். நீ பாவம் பார்க்காத.

தனகோடி: சரி... ஆங், வந்துட்டான். அழுவுறான்... குடுத்துட்டேன். ஓடுது.

ராதிகா: ஓடட்டும். அண்ணா, பின்னாடி என்ன சத்தம்? தறியா?

தனகோடி: ஆமா. உங்க அண்ணி.

ராதிகா: இன்னிக்கு அமாவாசை! அமாவாசைக்கு நம்ம தெருவுல யாரு தறியில உக்காருவாங்க?

தனகோடி: அவசரம்.

ராதிகா: சேவூர் பார்ட்டிக்கா? மாசக்கணக்கா பேசாம கீற பார்ட்டிக்கு இன்னிக்கு என்ன அவசரம்?

தனகோடி: அவங்களுக்கு வந்துடுச்சு, நான் இன்னா பண்றது? அத விடு. ஞானஸ்நானம் நல்லா நடந்துச்சா? உன் சிநேகிதி டயானா கொழந்தைக்கு இன்னா பேரு வெச்சாங்க?

ராதிகா: ஜெரோம். தண்ணி ஊத்தினப்போ அழவே இல்ல. தூங்கிகினே இருந்தான்.

தனகோடி: நல்ல பேரு. டயானாவோட அண்ணன் வந்திருந்தாரா? ஒரு நாள் மழையில உன்ன நம்ம வீட்டாண்ட விட்டுட்டு போனாரே... வாத்தியாரு.

ராதிகா: யாரு... ஓ, கிளமெண்ட்டா? வந்திருப்பாரு. நான் பார்க்கல.

தனகோடி: தங்கச்சி கொழந்தைக்கு ஞானஸ்நானம். நீ ரெண்டு நாளா அந்த வீட்டுலயே கீற. பார்க்கலியா?

ராதிகா: பார்த்தேன். தூரமா... டாக்டர் போயிட்டாரா?

தனகோடி: போயிட்டாரு. ரீஸ்டார்ட் கேக்குது.

ராதிகா: குடு. ஷட் டவுன் குடுக்காத, ரீஸ்டார்ட்டே குடு.

தனகோடி: குடுத்தாச்சு... உன் குரல் ஒரு மாதிரி கீது. சாப்பிட்டியா?

ராதிகா: சாப்பிட்டேன்.

தனகோடி: அழுதியா?

ராதிகா: இல்ல. சாம்பிராணி புகை ஒத்துக்கல.

தனகோடி: ம்... வந்துடுச்சு. முன்னாடிக்கு பரவால்ல. ஆனா காப்பி இன்னும் இழுத்துகினுதான் போவுது. "இடம் இல்ல"ன்னு வேற ஏதோ சொல்லுது.

ராதிகா: சி டிரைவ் பாரு. கோடு செவப்பா கீதா?

தனகோடி: செவப்புதான். ஒரு ஜிபி கூட மீதி இல்ல.

ராதிகா: அப்போ டாக்டர் பாதி, இது பாதி. இடமே இல்லன்னா மூச்சு முட்டத்தான் செய்யும். குப்பைத் தொட்டிய காலி பண்ணு. டவுன்லோட்ஸ்ல கீற பழைய படமெல்லாம் அழி.

தனகோடி: அதெல்லாம் நேத்தே அழிச்சுட்டேன். பெருசா ஒண்ணு கீது, சொல்லட்டா? முப்பத்தி நாலு ஜிபி. பேரு... "பழைய கரண்ட் பில்".

ராதிகா: அது... அத தொடாத.

தனகோடி: ஏன்?

ராதிகா: பில்லுண்ணா. எப்பவாச்சும் வேணும்னா எடுக்கலாம்னு...

தனகோடி: தறி போட்ட வீட்டுக்கு கவர்மெண்ட்டு கரண்ட்டு சும்மா தருது. நம்ம வீட்டுக்கு பில்லுன்னு ஒண்ணு வந்து நான் பார்த்ததே இல்ல. அதுல பழசு வேற, முப்பத்தி நாலு ஜிபிக்கு! ஒளிச்சு வெக்கறதுக்கு வேற பேரே கெடைக்கலியா உனக்கு?

ராதிகா: ஒளிக்கல. அது ஒரு டிசைன். சும்மா போட்டுப் பார்த்தது. ஒவ்வொரு தபா சேவ் பண்றப்பவும் ஒரு காப்பி சேர்ந்துகினே போச்சு.

தனகோடி: அறுபத்தி ஒரு காப்பி. சும்மா போட்டுப் பார்க்கறதுக்கா அறுபத்தி ஒரு தபா மாத்துவாங்க?

ராதிகா: நீ எண்ணினியா?

தனகோடி: கம்ப்யூட்டரே எண்ணி கீழ காட்டுதும்மா.

ராதிகா: தொறந்து பார்த்தியா?

தனகோடி: இடம் வேணுமா வேணாமா? அத சொல்லு.

ராதிகா: ...வேணும். அண்ணா, ஒண்ணு பண்ணு. அந்த ஃபோல்டர மொத்தமா டிலீட் பண்ணிடு.

தனகோடி: மொத்தமாவா? இப்பதான் தொடாதன்ன.

ராதிகா: அப்போ சொன்னேன். இப்போ வேணாம். ஷிஃப்ட்ட அமுக்கிகினு டிலீட் குடு, குப்பைக்குக் கூட போவாம போயிடும்.

தனகோடி: யாருக்காகப் போட்ட டிசைனு?

ராதிகா: ஒரு பார்ட்டிக்கு.

தனகோடி: அந்த பார்ட்டி வேணாம்னு சொல்லிட்டாங்களா?

ராதிகா: அவங்க சொல்லல. நான்தான் சொல்லப் போறேன். இன்னிக்கு நான் கெளம்பறதுக்குள்ள பதில் கேட்டிருக்காங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை கோயில்ல... ஒரு வேலை கீது அவங்களுக்கு. அதுக்கு முன்னாடி தெரியணுமாம்.

தனகோடி: கோயில்ல ஓலை வாசிப்பாங்க. இன்னார் மவனுக்கும் இன்னார் மவளுக்கும் கல்யாணம்னு.

ராதிகா: ...உனக்கு எப்படி தெரியும்?

தனகோடி: ஆரணியில கீறேன், எனக்கு நாலு சிநேகிதக்காரங்க இல்லியா? சரி, பார்ட்டி நல்ல பார்ட்டியா?

ராதிகா: ரொம்ப நல்ல பார்ட்டி. அவங்க அம்மா காலையில எனக்கு பக்கத்துல உக்காந்து தலை வாரி விட்டாங்க.

தனகோடி: அப்புறம் ஏன் வேணாம்ற?

ராதிகா: பொண்ணு வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க.

தனகோடி: பொண்ணு வீட்டுல யாரு கீறாங்க?

ராதிகா: ஒரு அண்ணன். ஒரு அண்ணி. அப்பா போனப்புறம் அந்த அண்ணன்தான் படிப்ப விட்டுட்டு தறியில உக்காந்து அந்தப் பொண்ண படிக்க வெச்சாரு. அவரு மூஞ்சி தொங்கறத அந்தப் பொண்ணால பார்க்க முடியாது.

தனகோடி: அந்த அண்ணன யாராச்சும் கேட்டாங்களா?

ராதிகா: கேக்கவே வேணாம். போன வருஷம் சித்தப்பா பொண்ணு ரேணுகாதேவி வேற ஜாதியில கட்டிக்கறப்போ, மண்டபத்து வாசல் வரைக்கும் போயிட்டு, உள்ள போவாம திரும்பி வந்தாரு. ரெண்டு நாள் யார் கிட்டயும் பேசல.

தனகோடி: ஏன் திரும்பினாருன்னு கேட்டாளா அந்தப் பொண்ணு?

ராதிகா: கோவத்துலதான.

தனகோடி: கோவமா... ரேணுகா இன்னா புடவை கட்டிகினு நின்னுச்சு, ஞாபகம் கீதா?

ராதிகா: ரோஸ் கலர். ஏதோ கடையில எடுத்தது.

தனகோடி: அதான். கடையில எடுத்தது. நம்ம வழியில பொறந்த பொண்ணு எதுவும் இதுவரைக்கும் கடைப் புடவையில தாலி கட்டிக்கல. கூரைப் புடவை வீட்டுத் தறியிலதான். சித்தப்பா நெய்ய மாட்டேன்னுட்டாரு. நாமளாவது நெய்ஞ்சிருக்கலாம், வீட்டுல தறி சும்மாதான் நின்னுச்சு. அவ வாசல்ல நின்னு அண்ணான்னு கூப்பிடறா... எனக்கு அவ மூஞ்சிய பார்க்க யோக்கியத இல்ல ராதி. வெக்கத்துல திரும்பினேன். கோவம் இன்னா கோவம்!

ராதிகா: ...அண்ணா.

தனகோடி: சொல்லு.

ராதிகா: அந்த ஃபோல்டர நீ எப்போ தொறந்த?

தனகோடி: ஆடி மாசம். ஆதார் ஜெராக்ஸ தேடினப்போ.

ராதிகா: ஆனா அதுல பேரெல்லாம் கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிதான போட்டு வெச்சிருந்தேன்? யாராச்சும் பார்த்தாலும் ஏதோ கொடி, பூன்னு நெனச்சுக்குவாங்கன்னு...

தனகோடி: அடிப் பைத்தியமே! பதினாலு வயசுலருந்து புடவை முகத்த கீழ கவுத்துப் போட்டு நெய்யறவன் நான். எங்க கண்ணுக்கு எல்லா எழுத்தும் திரும்பித்தான் வரும். எனக்கு நேரா எழுதினாதான் படிக்க நேரமாவும். மொதல்ல ராதிகா. நடுவுல ஜோடிப் புறா. அதுக்கு மேல...

ராதிகா: போதும்ணா. சொல்லாத.

தனகோடி: அழுவுறியா?

ராதிகா: இப்போ சாம்பிராணி இல்ல. அழுவுறேன். ஏன் ஒரு வார்த்த கேக்கல நீ? ஆடியிலருந்து இன்னிக்கு வரைக்கும்!

தனகோடி: நீ சொல்லுவேன்னு இருந்தேன். நீ ஏன் சொல்லல?

ராதிகா: பயம்.

தனகோடி: எனக்கும்தான். நானா கேட்டு, நீ இல்லவே இல்லன்னு சொல்லிட்டா, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுகினு மறுபடி கேக்கறது? அதான் வாய மூடிகினு... ஏதோ என்னால ஆனத பண்ணிகினு இருந்தேன்.

ராதிகா: என்ன பண்ண? அண்ணா... தறி சத்தம் நின்னுடுச்சே.

கமலம்: தோ பாருங்க, இங்க நான் காலைத் தூக்கிகினு உக்காந்து கீறேன். புறா முடிஞ்சிடுச்சு. அடுத்த பாதி எங்க?

தனகோடி: கத்தாத கமலம்! போன்ல ராதி கீறா.

கமலம்: கீறாளா? அப்போ அவளயே கேளுங்க, சுருக்கா முடியும்! ராதி, சாயங்காலம் நீ பஸ்ஸ விட்டு எறங்கறதுக்குள்ள முடிச்சிடலாம்னு பார்த்தா, உங்க அண்ணன் காலையிலருந்து பொம்மையோட பேசிகினு கீறாரு.

ராதிகா: அண்ணி... என்ன புறா? சேவூர் புடவை முந்தியில அன்னம்தான போட்டேன்?

கமலம்: நீங்களே சொல்லுங்க. என்னால முடியல.

ராதிகா: அண்ணா, என்ன புறா?

தனகோடி: ஒண்ணியும் இல்ல. நீ மொதல்ல இத சொல்லு. அறுபது காப்பிய அழிச்சுட்டு கடைசி ஒண்ண மட்டும் வெச்சுகினா எடம் போதுமா?

ராதிகா: போதும். தாராளமா போதும். ஆனா அந்த ஒண்ணு மட்டும் எதுக்கு? மொத்தமாவே அழின்னுதான சொன்னேன்?

தனகோடி: சேவூர்ல பார்ட்டியும் இல்ல, ஒண்ணியும் இல்ல ராதி. "இந்தக் கலர் நல்லா கீது அண்ணி, எனக்கே ஆசையா கீது"ன்னு ஒரு மாசமா தறி பக்கத்துல நின்னு தொட்டுத் தொட்டுப் பார்த்தியே, அது உன் கூரைப் புடவைதான். புடவையோட உடம்பு முழுக்க உன் கண்ணு முன்னாடியே நெய்ஞ்சோம். முந்திக்குத்தான் நீ வெளியூர் போவணும்னு காத்துகினு இருந்தோம். மொத பாதிய நேத்தே தறியில ஏத்தி உன் பேரு நெய்ஞ்சாச்சு, இன்னிக்கு புறா ஆச்சு, மாப்ள பேருதான் கம்ப்யூட்டர் உள்ள மாட்டிகினு கீது. அந்த அம்மாகிட்ட போய் சரின்னு சொல்லிட்டு ஜல்தியா வா... அதுக்கு முன்னாடி, அந்த அறுபதையும் ஒண்ணா அழிக்க எத அமுக்கணும்னு சொல்லிட்டுப் போ.