ஆம்புலன்ஸ் எந்த மொழி

எனக்குச் சர்க்கரை போடாத தேநீர் போதும், ஐயா. வாய் பிசுபிசுத்தால் உச்சரிப்பு கெட்டுவிடும்.

நான் மொழியியல் பேராசிரியன். பல மொழி பேசுகிறவர்களின் மனத்தில் கடைசிவரை தங்குவது எந்த மொழி என்பதுதான் என் வாழ்நாள் கேள்வி. ஆங்கிலத்தை உடையாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு நாளடைவில் அது தோலாகவே ஆகிவிடும் என்று எழுதித்தான் எனக்குப் பெயர் வந்தது. சும்மா எழுதவில்லை, வீட்டிலேயே நடத்திக் காட்டினேன். என் மனைவி என் மாமன் மகள். கல்யாணமான புதிதில் 'அத்தான்' என்பாள். அதை நிறுத்தினேன். அதன்பின் வீட்டில் ஆங்கிலம் மட்டும். இரண்டையும் கலந்து பேசுவது எனக்கு எச்சில் தட்டில் சோறு போட்ட மாதிரி குமட்டும்.

அவள் பழகிக்கொண்டாள். அவள் தங்கைதான் வரும்போதெல்லாம் கேலி செய்வாள்.

"ஏன் அத்தான், அக்கா தும்மினாக்கூட இங்கிலீஷ்லதான் தும்மணுமா?"

மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு தங்கையைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளே எந்த மொழியில் பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். போனால் போகிறதென்று விட்டுவிடுவேன்.

அன்று காலை சாப்பாட்டு மேசையில் அவள் கையிலிருந்து கோப்பை நழுவியது. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. பக்கவாதம் என்று உடனே புரிந்தது. மூளை அடிபட்டவர்களின் பேச்சைப் பற்றி நானே பாடம் எடுத்திருக்கிறேன். அதனால்தான் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து வைத்தேன். இப்படியொரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

எதிரே உட்கார்ந்து, சீப்பைக் காட்டி, இது என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"சீப்பு" என்றாள்.

சாவியைக் காட்டினேன்.

"சாவி... அத்தான், கை வரல. தங்கச்சியக் கூப்பிடுங்க."

எச்சில் வழிந்து அவள் கழுத்தை நனைத்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. எச்சிலைச் சொல்லவில்லை, ஐயா. இத்தனை வருடம் கழித்து அந்த 'அத்தான்'.

ஆங்கிலத்தில் சொல் என்றேன். குரலை உயர்த்தவில்லை, பதிவை நீங்களும் கேட்டீர்கள். தொலைபேசி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆங்கிலம் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தேன். அவள் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்.

"ஆம்புலன்ஸ்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தலையைத் தடவி "குட்" என்றேன். அதுவும் பதிவில் இருக்கும்.

அப்புறம்தான் சந்தேகம் வந்தது. ஆங்கிலம் ஒரு வரி தெரியாதவர்கள்கூட அப்படித்தானே சொல்கிறார்கள்? அது தமிழாகிப்போன சொல்லாயிற்றே. உச்சரிப்பை வைத்து முடிவு செய்யலாம் என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். என்னைப் பார்த்தாள். சொல்லவில்லை. குறட்டை போல மூச்சு இழுத்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

நான் யாரையும் கூப்பிடவில்லை என்று அவள் தங்கை சொல்வது உண்மை. கடைசிவரை கூப்பிடவில்லை. ஆனால் அவள் கேட்டும் நான் மறுத்ததாக மட்டும் வாக்குமூலத்தில் எழுதாதீர்கள். அவள் ஆங்கிலத்தில் எதையும் கேட்கவில்லை. ஒரு சொல் சொன்னாள். அது எந்த மொழி என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.