ஞாயிறு இரண்டு முறை அச்சான டைரி

அலோ... அலோ! பஞ்சம்மா மதினி, கத்தாதீக. போனைக் காதுல வச்சா பிரஸ்ல மிஷின் ஓடுற சத்தம்தான் கேக்குது... ஆமா... ஆமா, பிரீத்திகா வேண்டாம்னுட்டா, தெரியும்... ஆமா, வியாழக்கிழமை நிச்சயத்த வச்சுக்கிட்டு சனிக்கிழமை சொல்றா. எனக்கு மட்டும் இனிக்குதா? அண்ணன் மகன் கதிரவனுக்குன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளைய நான்தானே பேசி முடிச்சேன்? யோகலட்சுமி பேசுன சம்பந்தம் நின்னு போகாதுன்னு இந்தத் தெருவுல எனக்கு ஒரு பேரு இருக்கு. இனி எவ என்னைய நம்பி ஜாதகம் குடுப்பா?

யாரு, நான் மறைச்சேனா? வாரா வாரம் பஸ் ஏறிப் போய்ப் படம் வரையிற பிள்ளைன்னு முதல்லயே சொன்னேன்ல. கல்யாணமானா சரியாப் போயிரும்னீக. அதென்ன காய்ச்சலா, மதினி?

சரி... சரி... காரணமெல்லாம் அவ டைரியில இருக்கு, மதினி. எந்த டைரியா? அவ அப்பா பைண்டிங் கம்பெனில இருந்து கொண்டாந்தது. ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு ரெண்டு பக்கமா அச்சாகி, ஆர்டர் குடுத்தவன் கழிச்சுப் போட்டுட்டான். இவளுக்கு அது லாபமாப் போச்சு. இருக்கிற ஒரு நாள் லீவுக்கு ரெண்டு பக்கமாம்... ஆமா, படம் போட்ட பயணக் குறிப்பு. பயணம்னா காசியா, காஷ்மீரா? இந்தா பக்கத்துல இருக்கிற ஆனைக்குட்டமும் ஏழாயிரம்பண்ணையும்.

இப்ப என் மடியிலதான் இருக்கு... திருடலை மதினி! ரெண்டு மாசமா இதை எட்டிப் பாக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அது வேற. நேத்து அவகிட்டப் போய், அந்தப் பையனுக்கு என்னடி குறைச்சல்னு கேட்டேன். இதைத் தூக்கி என் கையில குடுத்துட்டா.

படிக்கேன், இருங்க. முதப் பக்கம் எங்க தெரு. பயணம் புறப்படுற இடமாம். சன்னல்ல ஒரு பொம்பள நிக்கா, காது ரெண்டும் முறம் தண்டிக்கு இருக்கு... யாருன்னு தெரியலை... சிரிக்காதீக! அந்தக் கலர்ல எனக்குச் சேலையே கிடையாது. அடுத்தது பஸ்ஸு. தீப்பெட்டிக்கு நாலு வடை ஒட்டுன மாதிரி இருக்கு. அப்புறம் ஆனைக்குட்டம் அணை. தண்ணி வரைய வரலைன்னு 'இது தண்ணீர்'னு எழுதியே வச்சிட்டா.

இதுக்கா வேண்டாம்னான்னு கேக்கீகளா? பொறுங்க, இன்னும் இருக்கு. அதுக்குப் பெறகு அஞ்சு வாரமும் ஏழாயிரம்பண்ணை பஸ் ஸ்டாப்புதான். புதுசா வரையிறவுக ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வரையணுமாம். மூஞ்சி வராட்டி விட்டுரு, கண்ணுல பட்ட எழுத்து, நம்பரு, மணி அம்புட்டையும் குறிச்சுக்கோன்னு எவளோ வீடியோவுல சொல்லியிருக்கா. இவளும் குறிச்சிருக்கா.

அஞ்சு வாரமும் வேப்பமரத்தடியில ஒரு பைக்கு. பக்கத்துல ஒரு பையன், ஒரு பிள்ளை. ரெண்டு பேர் மூஞ்சியும் இட்லி. மூக்கே கிடையாது. ஆனா வண்டி நம்பரு மட்டும் காலண்டர் தேதி கணக்காப் பளிச்சுனு இருக்கு. எட்டு, மூணு, மூணு, எட்டு...

மதினி?... அலோ, இருக்கீகளா?

ஆமா, நம்ம கதிரவன் வண்டி நம்பரேதான். பையன் போட்டோ கேட்டதுக்கு, பைக்குல சாஞ்சுக்கிட்டு நிக்கிறதை நீங்கதானே அனுப்புனீக? சொந்த வண்டின்னு தெரியட்டும்னு. தெரிஞ்சுக்கிட்டா.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை லாரியில லோடு ஏத்தப் போறான்னீகளே... சீசன் நேரமா! ஏத்தியிருக்கான், ஏத்தியிருக்கான். நாலாவது வாரம் அந்தப் பிள்ளையவே பைக்குல ஏத்தியிருக்கான்... யாருன்னா? டிபன் கேரியர்ல வெட்டியிருந்த பேரைக்கூட விடாம எழுதியிருக்கா. முத்துப்பேச்சி. ஏதோ பட்டாசுக் கம்பெனிக்கு வேன்ல வார பிள்ளையாம்.

ஐயய்யோ... அழாதீக. அழாதீக மதினி. அவனை முதல்ல கூப்பிடுங்க, கேப்போம்... வீட்டுல இல்லையா? இன்னைக்கும் லோடா?... என்ன உடுத்திக்கிட்டுப் போனான்?... நிச்சயத்துக்கு எடுத்த பட்டு வேட்டியா? பட்டு வேட்டி கட்டிக்கிட்டா லோடு ஏத்துறான்?

இருங்க, போனை ஸ்பீக்கர்ல போடுறேன். இந்தப் பிரீத்திகா காலையிலயே வேற நோட்டோட பஸ் ஏறுனா. ஸ்டேட்டஸ் வச்சிருப்பா... அதை நான் எதுக்குப் பாக்கணுமா? நான் பாக்காட்டி வேற யாரு பாப்பா?

ஆங், ஏழாயிரம்பண்ணைதான். ஆறாவது வாரம். இன்னைக்கு ஒரு கோயில் வாசல் வரைஞ்சிருக்கா. பரவாயில்லை, கை தேறியிருச்சு... பைக்கு நிக்குது. இட்லி ரெண்டும் நிக்குது...

மதினி, இட்லிக்கு மூக்கு வந்திருச்சு. நம்ம கதிரவன் மூக்கேதான்.

...மாலையா?... இருக்கு மதினி. ரெண்டு மாலை.

வண்டிக்குப் பின்னாடி ஒரு துணி மூட்டை, அதே டிபன் கேரியரு. கீழ எழுதியிருக்கா, 'காலை ஒன்பது இருபது. தாலி கட்டியாயிற்று. திருப்பூருக்குக் குடி போகிறார்கள். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.'

அலோ?... எதையாவது பேசுங்க... நம்ப மாட்டீகளா? சரி, நம்பரையும் படிச்சிருதேன். எட்டு, மூணு, மூணு...

அலோ?... அலோ மதினி?...