முன்பே தெரிந்த கதை

பேய்க்கதை கேட்க நல்ல நேரம் சனிக்கிழமை மத்தியானம்தான், ஐயா. இருட்டில் யார் வேண்டுமானாலும் பயப்படலாம். வெளியே வெயில் கொளுத்தும்போது முதுகு சில்லிட வேண்டும், அதுதான் சுகம்.

எட்மோனும் நானும் துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள். அந்தப் பழைய வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் என்னைத் தேடியது. எட்மோன்தான் தன் வீட்டில் ஒளித்துவைத்துச் சோறு போட்டான். பாதிரிமார் பள்ளியில் படித்தவன். சனிக்கிழமைகளில் தேர் ரூஜ் ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து பிரெஞ்சுக் கதை வாசிப்பான். கடினமான இடங்களை எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் சொல்வான். என் மனைவி காமாட்சி தேநீர் ஊற்றிவிட்டு என் பக்கத்தில் உட்காருவாள். மூவருக்கும் ஒரே விதி: கொலைகாரன் யார் என்று யாரும் முன்னால் புரட்டிப் பார்க்கக் கூடாது.

போன சனிக்கிழமை வாசித்த கதையில், பூட்டிய அறைக்குள் ஒரு கரும்புத்தோட்ட முதலாளி செத்துக் கிடக்கிறார். இறந்துபோன அவர் மனைவியின் பியானோ தானாக வாசிக்கிறது. டாக்டரா, தம்பியா என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். அப்போது காமாட்சி என் முழங்கையருகே இருந்த தேநீர்க் கோப்பையை மெல்ல நகர்த்தி வைத்தாள். அடுத்த பக்கத்தில் பியானோவின் மூடியைத் திறக்கிறார்கள். உள்ளிருந்து ஒரு கை நீள்கிறது. நான் துள்ளியதில் என் கை வெறும் மேசையில் இடித்தது. இருவரும் சிரித்தார்கள்.

நான் துள்ளப்போகும் இடம் அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பிரெஞ்சு படிக்க அவளுக்கு வராது. புத்தகமோ எட்மோனுடையது. நான் வேலைக்குப் போன பிறகு வேறு யார் வந்து வாசித்திருக்க முடியும்? காமாட்சியிடம் நான் கேட்கவில்லை. கேட்டு அவளைச் சங்கடப்படுத்துவானேன்?

மறுநாள் கிராண்ட் பே கடலில் எட்மோனின் படகில் மீன் பிடிக்கப் போனோம். வழக்கமாகப் போவதுதான். பவளப்பாறையைத் தாண்டியதும் கேட்டேன். "அந்தக் கதையை அவளுக்கு முன்பே வாசித்துவிட்டாய், இல்லையா?"

"யாருக்கு?" என்றான், தூண்டிலில் இரை கோத்தபடி.

யாருக்காம். எனக்காகப் போலீசிடமே பொய் சொன்னவன், என்னிடம் ஒரு உண்மையைச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

அவனுக்கு நீந்தத் தெரியாது. தள்ளுவதற்குப் பெரிய பலம் வேண்டியிருக்கவில்லை. துடுப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு என் பெயரைச் சொன்னான். நான் துடுப்பை அவன் பிடியிலிருந்து சிறிது சிறிதாக உருவிக்கொண்டேன். அவசரப்பட்டால் படகு கவிழும்.

விசாரித்துவிட்டு வந்து இப்போது நீங்கள் வேறு சொல்கிறீர்கள். அதே கதையை அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே வானொலியில் நாடகமாகப் போட்டார்களாம். பக்கத்து வீட்டு போலெட்டோடு காமாட்சி உட்கார்ந்து கேட்டாளாம். என் சந்தோஷம் கெட்டுவிடக் கூடாதென்று வாய் திறக்காமல் இருந்தாளாம்.

இருக்காது, ஐயா. காமாட்சி என்னிடம் எதையும் மறைப்பவள் இல்லை.