ரெண்டரையும் ஒன்னரையும்

— நிறுத்து ஜெயஸ்ரீ! அந்தத் தாள மிஷினுக்குள்ள வுடாத.

— ஏன், இன்னாவாம்? இப்பத்தான் லேமினேஷன் மிஷினே சூடாயிருக்குது. துளசி, கோட்டைத் தலைவின்னு கலர்ல பிரிண்ட் போட்டிருக்கேன், பாத்தியா பிரசாந்து? ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம உக்காந்து டைஸ் உருட்டினதுக்கு இப்பத்தான் என் ஆளுக்கு ஒரு பதவி வந்திருக்குது.

— துளசி தலைவியே இல்ல.

— அடப்போ! ஆட்டம் நடத்துறவன் நீ. மூணு வாரத்துக்கு முன்னாடி, பொம்மி செத்துட்டா, இனிமே துளசிதான் தலைவின்னு உன் வாயாலதான சொன்ன?

— பொம்மி சாவல ஜெயஸ்ரீ. நான்தான் சாவடிச்சிட்டேன். கணக்குத் தப்பு.

— மெதுவா பேசுடா. ஜெராக்ஸுக்கு நிக்கிறவரு நம்மள ஒருமாதிரி பாக்குறாரு. ஏற்கெனவே எங்கம்மா திட்டுது. காயிதத்துல எழுதிவெச்ச பொம்பள ஒருத்தி ஆட்டத்துல செத்துட்டான்னு, அந்தக் காயிதத்தக் கப்பல் பண்ணி செட்டிக்குளத்துல வுட்டீங்களாமே, வேல வெட்டி இல்லியா உங்களுக்குன்னு. ஐயா, அஞ்சு நிமிஷம் ஆவும், டீ குடிச்சிட்டு வந்துடுங்க! ம், சொல்லு. இன்னா தப்பு?

— நம்ம கோட்டையில ராஜகிரி மல மேல அந்தப் பாலம். பொம்மி நிக்கிறா, எதிரி தள்றான். மொத்தம் பதிமூணு வந்தாத்தான் வுழாம நிப்பா. டைஸ்ல எவ்ளோ வுழுந்துச்சி?

— ஒம்போது. இனியன்தான உருட்டினான்.

— கேடயத்துக்கு ரெண்டர. மேட்டுல நிக்கிறதுக்கு ஒன்னர. நான் இன்னா பண்ணேன்? ரெண்டரயில அரைய வெட்டி ரெண்டு ஆக்கினேன். ஒன்னரயில அரைய வெட்டி ஒன்னு ஆக்கினேன். ஆகமொத்தம் மூணு. ஒம்போதும் மூணும் பன்னண்டு. ஒன்னு கொற. பொம்மி பள்ளத்துல.

— சரியாத்தான இருக்குது? அரைன்னு வந்தா கீழதான் எறக்கணும். அதான நம்ம விதி.

— எப்ப எறக்கணும்? எல்லாத்தையும் கூட்டிட்டு, கடைசியா ஒரே ஒருவாட்டி. இப்ப நீ ரெண்டரையும் ஒன்னரையும் கூட்டு.

— நாலு.

— முழு நாலு. எறக்குறதுக்கு அதுல அரையே இல்ல. ஒம்போதும் நாலும் பதிமூணு. அவ வுழல ஜெயஸ்ரீ, நின்னுட்டா. நான்தான் ரெண்டு எடத்துல அரை அரையா வெட்டி, ஒரு முழுப் பாயிண்ட்ட முழுங்கிட்டேன்.

— அப்டி ஒரு விதி இருக்குதா இன்னா? எனக்கு ஞாபகமே இல்ல.

— விதி நோட்டு எழுதினவளே நீதான?

— எழுதினா? எழுதினதெல்லாம் மண்டைக்குள்ள நிக்குமா? சரி வுடு. உனக்கு எப்ப தெரிஞ்சிது?

— அன்னிக்கே. குளத்துலருந்து திரும்பி வரேன், திண்டிவனம் ரோட்டுல பெட்ரோல் போட நிக்கிறேன். மீட்டர்ல நம்பர் ஓடுது பாரு, அதயே பாத்துக்கினு இருந்தேன், பொசுக்குனு தோணுச்சி. அரையும் அரையும் சேந்தா ஒன்னாச்சேன்னு.

— அடப்பாவி! மூணு வாரமா வாயத் தொறக்காம இருந்தியா?

— இனியன் அங்கயே கேட்டான். மச்சான், இன்னொருவாட்டி கூட்டிப் பாருடான்னான். நான் எகிறினேன். ஆட்டம் நடத்துறது நானா நீயான்னு கத்தினேன் எல்லார் முன்னாடியும். கத்திட்டு, மறுநா போயி தப்பு என்னுதுன்னு எப்டி சொல்றது? வெக்கமா இருந்துச்சி. இந்த வாரம் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு தள்ளிக்கினே வந்துட்டேன். அவன் அதுலருந்து ஆட வர்றதே இல்ல.

— கோவம் ஆறினா வருவான். ஒரு ஆள் போனா இன்னொரு ஆள எழுதிக்கப் போறான், அவ்ளோதான.

— பொம்மி இனியன் ஆளா? அவன் தங்கச்சி அனுவோட ஆளு. அவலூர்பேட்டையில கட்டிக் குடுத்து ஒன்னர வருஷம் ஆவுது. ஞாயித்துக்கிழம நாலு மணியானா, காஞ்ச துணி எடுக்கப் போறேன்னு மாடிக்குப் போயி அண்ணனுக்குப் போன் போடுவா. பொம்மி இதப் பண்றா, அதப் பண்றான்னு அவ சொல்லுவா, இவன் ஆடுவான். பாலத்துல ஆடின அன்னிக்கி அவ வீட்டுல விருந்தாளி, போன் பண்ண முடியல. அந்த வீட்டுல அவ இஷ்டத்துக்கு நடக்குறது அந்த அர மணி நேரந்தான். அதயும் நான் புடுங்கிக்கினேன். சோறு எறங்கல ஜெயஸ்ரீ எனக்கு.

— அவளுக்குத் தெரியுமா, பொம்மி போனது?

— தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன். இனியன் மூஞ்சி குடுத்தே பேசல. நேத்து ஒரு மெசேஜ் மட்டும் போட்டிருக்கான். ஞாயித்துக்கிழம அனு நேர்லயே வர்றா, நீயே பாத்துக்கோன்னு.

— நேர்லயா? அனுவா? என்கிட்ட ஒன்னும் சொல்லலியே.

— உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? ஆட வர்றா. வந்து, பொம்மி தாள் எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? குளத்துல போய்த் தேடுன்னா?

— சொல்றன் கேளு. கணக்க எதுக்குக் கெளர்ற? பாலத்துலருந்து வுழுந்தவ ஒரு மரக்கிளையில மாட்டிக்கினான்னு கத கட்டு. காயத்தோட திரும்பி வரட்டும். துளசிக்குக் கீழ இருந்துக்கட்டும்.

— அதுல என் தப்பு மூடிக்கும், அவ்ளோதான். அவளோட பாயிண்ட்டு அவளுக்கு வராது. நாம பின்னாடி போவணும். பாலத்துலருந்து திரும்ப ஆடணும்.

— அப்ப மூணு வாரம் நான் ஆடினது? சந்திரகிரி வாசல புடிச்சேனே, அது? எல்லாம் அழிச்சிடுவியா? கல்யாணத்துக்கு முன்னாடியும் அவதான் தலைவி, பின்னாடியும் அவதான் தலைவி. மாடியில நின்னுக்கினு போன்ல ஆடுறவ! ரூம கூட்டுறது யாரு? டீ போடுறது, நோட்டு எழுதுறது, எல்லாருக்கும் தாள் அடிச்சித் தர்றது யாரு? நான் கடைசி வரைக்கும் வாசல் காவல்தானா?

— நியாயந்தான். நீ சொல்றது அத்தினியும் நியாயந்தான். உனக்கும் நான் பாவம் பண்ணிட்டேன். ஆனா அவ நின்னாளே ஜெயஸ்ரீ.

— யாருக்குப் போன எடுக்குற?

— அவளுக்குத்தான். நேர்ல அவ மூஞ்சியப் பாத்தா எனக்கு வாய் வராது. இப்பவே சொல்லிடுறேன்.

— வேணாண்டா! மாமியார் பக்கத்துல இருப்பாங்க. ஞாயித்துக்கிழம பாத்துக்கலாம். பிரசாந்து, சொன்னா கேளு, வெய்யி போன!

— மூணு வாரம் இப்டித்தான் தள்ளினேன். ரிங் போவுது. ஸ்பீக்கர்ல போடுறேன், நீயும் கூட இரு. ஒண்டியா என்னால முடியாது.

— அலோ? பிரசாந்துண்ணா? அனுதான் பேசுறேன், சொல்லுங்க.

— அனு... பொம்மி விஷயம்...

— அண்ணன் அன்னிக்கே சொல்லிட்டான். அழுதுட்டேண்ணா, சிரிக்காதீங்க. கண்ணு ஏன் செவந்திருக்குதுன்னு மாமியார் கேட்டாங்க, வெங்காயம்னு சொன்னேன். ஞாயித்துக்கிழம வந்து உங்கள எல்லாம் ஒருவாட்டி பாத்துட்டுப் போயிடுறேன். இனிமே எனக்கு அங்க இன்னா இருக்குது?

— அப்டிச் சொல்லாதம்மா. தப்பு என்னுது. ரெண்டரையும் ஒன்னரையும் தனித்தனியா வெட்டிட்டேன். கூட்டிட்டு வெட்டியிருக்கணும். நாலு வருது. பொம்மி வுழல. அன்னிக்கே தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்துட்டேன். என்ன மன்னிச்சிடு.

— நாலா? அண்ணன் சொன்னப்ப எனக்கும் நாலுதான வந்துது! அதான் ஒடனே ஜெயஸ்ரீயக்காவுக்குப் போன் போட்டேன். இல்ல அனு, தனித்தனியாத்தான் வெட்டணும், நோட்டப் பிரிச்சிப் படிச்சிட்டேன், பிரசாந்தப் போட்டுக் கேட்டுக்கினு இருக்காதன்னு அவங்கதான சொன்னாங்க?